கப்பலுக்கு மாதம் எவ்வளவு?

மாதா பிறந்தநாள் திருவிழா முடிந்த மறுநாள், ஒரு சனிக்கிழமை காலையில், கிளாட்சன் மீன்பிடிப் படகு வேலைக்காகப் பஹ்ரைனுக்குப் புறப்பட்டான். பாம்பனில் அவர்கள் தெருக்காரர்கள் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேன் வாசலில் நின்று உறுமியது. உறவெல்லாம் வேனைச் சுற்றி நிற்க, புறப்பட வேண்டியவன் மட்டும் கொல்லையில் குத்தவைத்து, ஒரு நாயின் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏலே, பிளேன்காரன் ஒனக்காகக் காத்துக் கெடப்பானா?" என்று வாசலிலிருந்து சத்தம் போட்டான் அவனுடைய அக்கா புருஷன் யேசுதாஸ்.

அக்கா ஜோதிமேரி கொல்லைக்குப் போனாள். கிளாட்சன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாசம் ஆயிரத்து ஐநூறு அனுப்பிருவேன்க்கா. நான் வார வரைக்கும் இவன யாருக்கும் குடுத்துராத."

"ஆயிரத்து ஐநூறு பத்துமாடா?"

"அதுக்கு மேல என்னத்தத் திங்கப் போறான்? மீனுதான? மீனுக்குக் காசா?"

பாம்பனில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும். கடலுக்குப் போகிற வீட்டில் அரிசி வாங்குவார்கள், பருப்பு வாங்குவார்கள், மீனை வாங்க மாட்டார்கள். யேசுதாஸ் விசைப்படகு டிரைவர். வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய்த் திரும்பும்போது கறிக்கென்று ஒரு பை கையோடு வரும். ஜோதிமேரியோ கருவாடு போடுகிறவள். படகுகளில் ஏலம் போகாத மீனை வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்துப் பரமக்குடி வியாபாரிக்கு அனுப்புவாள். அவள் கொல்லையில் தலையும் வாலும் உடைசலுமாக எப்போதும் ஒரு கூடை கிடக்கும். ஆகவே, குடுக்கமாட்டேன் என்று தம்பியின் தலையில் கைவைத்துச் சொன்னாள். வேன் போயிற்று. நாய் வாசல் வரைக்கும் வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜோதிமேரியின் இடுப்பில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பெயர் கப்பல். கிரேட் டேன் என்று சொல்லி, மதுரையில் ஒரு பங்களாவிலிருந்து கிளாட்சன் குட்டியாக வாங்கி வந்தது. துணிப்பையில் வந்து இறங்கிய அன்றைக்கே அதன் பாதங்களைப் பார்த்த யேசுதாஸ், "காலு இந்த அகலமா? இது நாயில்ல, கப்பலு" என்றான். பத்து மாதத்தில் அந்தப் பாதங்களுக்கு ஏற்ற உடம்பு வந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் கன்றுக்குட்டி என்றார்கள். முதுகு ஜோதிமேரியின் இடுப்பு உயரம். குரைத்து யாரும் கேட்டதில்லை. கோழி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடும்.

ஜோதிமேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் விலை கேட்காமல் ஒன்றையும் கடந்து போனதில்லை. வாங்குவதற்காக அல்ல, தெரிந்துகொள்ள. லாரிக்காரனிடம் ஒரு டயர் என்ன விலை என்று கேட்பாள். சவப்பெட்டிக் கடையில் பிள்ளைகள் பெட்டிக்கும் பெரியவர்கள் பெட்டிக்கும் பலகை எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு, கடைக்காரர் பதறிப்போய் "யாருக்கும்மா?" என்றதற்கு, "யாருக்கும் இல்லண்ணே, சும்மா" என்று சொல்லி வந்தவள். ஆயர் வந்த காரின் டிரைவரைக் கூட அவள் விடவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று பூசை முடிவதற்குள் தெரிந்துகொண்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்து படுத்துக்கிடந்தது. இந்த அளவு நாய்க்கு மாதம் எவ்வளவு ஆகும்?

நாய் வளர்க்கிற நாலைந்து வீடுகளில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. "என்னத்த ஆகப்போகுது, மிச்சஞ்சொச்சத்தத் திங்கும்" என்றார்கள். நாய்க்குக் கணக்குப் பார்ப்பது விருந்தாளிக்குக் கணக்குப் பார்ப்பது போல அவர்களுக்கு ஒரு கூச்சம். கப்பலுக்கோ அந்த வீட்டில் மிச்சஞ்சொச்சம் போதவில்லை. ஜோதிமேரி, யேசுதாஸ், பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஜாஸ்லின் மூன்று பேரும் சாப்பிடும் சோறு அதற்கு ஒரு வேளை. ரேஷன் அரிசி இருபது கிலோவும் நாய்க்கே போயிற்று. வீட்டுக்குக் கடை அரிசி வாங்கினாள். ஆக, நாயின் அரிசி இலவசம்தான், நாயால் வீட்டின் அரிசிக்குத்தான் காசு. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்து, நாயின் பக்கமே சேர்த்தாள்.

பூச்சி மாத்திரை வாங்க ராமநாதபுரத்தில் மருந்துக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் கேட்டார்: "எத்தனை கிலோ நாய்?"

"நாய யாரு நிறுப்பா?"

"பத்து கிலோவுக்கு ஒரு மாத்திரைம்மா. உண்ணி மருந்தும் கிலோக் கணக்குத்தான். தெரியாம எப்படித் தர்றது?"

அவளுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. மனிதனுக்கு ஒரு மாத்திரை என்றால் எல்லா மனிதனுக்கும் ஒரு மாத்திரை. நாய்க்கு மட்டும் மீன் மாதிரி எடைக்கு எடை. அப்படியானால் நாய் வளர வளரச் சோறு மட்டுமா, எல்லாமே வளரும்.

மறுநாள் கப்பலை இழுத்துக்கொண்டு மீன் கம்பெனிக்குப் போனாள். அங்கே தரையோடு பதித்த எடைமேடை இருந்தது. ஒரு கால் வைத்தால் மறுகாலை எடுக்கிறது நாய். கடைசியில் ஒரு இறாலைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் அவள் நின்றதும், மேடையில் ஏறி உட்கார்ந்தது. எடை போடுகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரகம் என்ன? எக்ஸ்போர்ட்டா, லோக்கலா?" என்றார்.

"எடையச் சொல்லுங்கண்ணே."

"நாப்பத்தாறு. தண்ணிக் கழிவு ரெண்டு கிலோ கழிச்சுருவமா?"

"ஒங்க கம்பெனிப் புத்தி நாய்க்கிட்டயும் போகலயே!"

ஐந்து மாத்திரை. வீட்டிலுள்ள மூன்று பேரும் ஆயுளில் சாப்பிட்ட பூச்சி மாத்திரையைக் கூட்டினாலும் அவ்வளவு வராது என்று நினைத்தாள்.

கறிக்குக் காஜா நவாஸ் கடைக்குப் போனாள். கோழிக்கடைக்காரர், நாற்பது வயது. கழுத்தும் காலும் தனியாக எடுத்து வைப்பார், கிலோ அறுபது. கப்பலைத் தூரத்தில் கண்டதுமே கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு மேடைக்கு அந்தப்புறம் போய்விட்டார்.

"தங்கச்சி, அத அங்கனயே நிப்பாட்டு. ஈர மூக்கு என் கைலில பட்டுச்சுன்னா ஏழு தடவ கழுவணும்."

"ஏழு தடவையா? ஏன் பாய்?"

"எங்க மார்க்கத்துல அப்படி. அதுல ஒரு தடவ மண்ணு கரைச்சு. இங்க தண்ணி குடம் பத்து ரூவா. கைலி அலச எத்தன குடமாகும்னு நீயே கணக்குப் போடு. அதயும் ஒன் நாய் கணக்குலதான் எழுதுவேன்."

"மண்ணு சும்மாதான?"

"மண்ணுக்குக் காசு வாங்கல. போ, அரைக் கிலோ கூடப் போட்டிருக்கேன். பாவம், வாயில்லாச் சீவன்."

அதற்குப் பிறகு கப்பலை எதிர்ச்சாரி மின்கம்பத்தில் கட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவாள். நவாஸ் பாய் தொடமாட்டாரே தவிர, ஒருநாள் அது வராவிட்டால் "எங்க ஒங்க வீட்டு ஒட்டகம்?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

இப்படி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து அதன் முழங்கை தேய்ந்து புண்ணானது. பெரிய நாய்க்கு மெத்தை வேண்டுமாம். கிழிந்த வலையைப் பந்தாகச் சுருட்டி மேலே சாக்கு விரித்தாள், புண் ஆறியது, செலவு ஒன்றுமில்லை. சங்கிலி இரண்டு தடவை அறுந்தது. நங்கூரக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினாள், அதற்கும் செலவில்லை. தடுப்பூசி வருடத்துக்கு. அதை மாதத்துக்குப் பங்கு வைத்தாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் மனக்கணக்கு மாதம் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. கிளாட்சனின் ஆயிரத்து ஐநூறு போக மிச்சம் கருவாட்டுக் காசு. யேசுதாஸிடம் அவள் முழுத்தொகையைச் சொல்லவில்லை.

பொய் சொன்னாள் என்றில்லை. "மீனு?" என்று அவன் கேட்டால் "மீனு சும்மாதான" என்றாள். மீன் என்ற இடத்தில் அவள் கணக்கு சுழியாகவே இருந்தது.

ஜனவரியோடு கிளாட்சனிடமிருந்து பணம் நின்றது. போன் போகவில்லை. கூடப் போன ஒருத்தன் வீட்டில் விசாரித்ததில், முதலாளிக்கும் ஆட்களுக்கும் சம்பளத் தகராறு, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். தம்பி நலமாக இருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் விசைப்படகு கடலில் இறங்கக்கூடாது. மீன் முட்டைபோடும் காலம். அந்த இரண்டு மாதத்துக்குக் கடற்கரை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மாசியிலேயே வீட்டுக்கு வேண்டிய கருவாட்டைத் தனியாகக் கட்டி வைப்பார்கள். தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், வீட்டுக்குப் பை வராது. கருவாட்டுக் குழம்பிலேயே இரண்டு மாதமும் ஓடிவிடும்.

ஜோதிமேரியும் கட்டி வைத்திருந்தாள். வீட்டுக்கு ஒரு மூட்டை, கப்பலுக்கு ஒரு மூட்டை. நாய்க்கும் சேர்த்துத் தடைக்காலத்துக்கு ஏற்பாடு செய்தவள் பாம்பனிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. காரல் கருவாட்டை ஒரு தண்ணீர் அலசி, உதிர்த்து, சோற்றில் பிசைந்து வைத்தாள். கப்பல் சட்டியை நக்கிப் பளபளப்பாக்கியது. கோழிக்கழுத்தை நிறுத்தினாள். மாதத்துக்கு ஆயிரம் மிச்சம்.

முதலில் அவள் கண்ணில் பட்டது தண்ணீர். வண்டிக்காரனிடம் வாங்கி வைத்த குடங்கள் சீக்கிரம் காலியாயின. ஜாஸ்லினைத் திட்டினாள். ஜாஸ்லின், "நான் என்ன குடத்தோடயா குடிக்கிறேன்? ஒங்க நாயப் பாரும்மா" என்றாள். பார்த்தாள். கப்பல் வாளியில் தலையை விட்டால் எடுப்பதில்லை. வெயிலுக்கு என்று நினைத்தாள். தண்ணீருக்குத் தினம் இருபது ரூபாய் என்று கணக்கில் ஏற்றினாள். ஏன் குடிக்கிறது என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்காமல் விட்டதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கப்பல் எழுந்து நின்றது, நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. வாந்தி. உடம்பெல்லாம் நடுக்கம்.

ராமநாதபுரம் கால்நடை மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவது? ஆட்டோக்காரர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. கடைசியில் ஐஸ் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று ஆயிரத்து எண்ணூறுக்கு வந்தது, போக வர. வேகாத வெயிலில் பாலத்தைத் தாண்டும்போது, நாயின் தலையை மடியில் வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள் ஜோதிமேரி. எல்லாச் செலவையும் எண்ணிப் பார்த்தவள் இந்த வண்டியை எண்ணவே இல்லையே என்று அப்போதும் அவள் மனம் ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது.

டாக்டர் இளம்பெண். "என்னம்மா போடுறீங்க?" என்றார்.

"கருவாடும் சோறும்."

"எத்தனை நாளா?"

"தடை ஆரம்பிச்சதுலருந்து."

டாக்டர் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உப்பும்மா. அவ்வளவு உப்பு நாய்க்கு விஷம். தண்ணி நிறைய வச்சீங்களோ?"

"குடம் குடமாக் குடிச்சுச்சு."

"அதுதான் உசுரக் காப்பாத்தியிருக்கு."

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. சொந்தக்காரி வீட்டில் தங்கிக்கொண்டு வந்து வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் கப்பல் எழுந்து நின்றது. வண்டி, மருந்து, சோதனை எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ஆயிற்று. கருவாட்டில் அதுவரை மிச்சம் பிடித்தது அறுநூறு.

யேசுதாஸ் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தடைக்கால நிவாரணப் பணம் இன்னும் வரவில்லை, ஜாஸ்லினுக்குப் பள்ளிப் பணம் கட்ட வேண்டும். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சொன்னான்:

"தனுஷ்கோடி ரோட்டுல தங்கும் விடுதி வச்சிருக்காருல்ல, அவரு நாயக் கேட்டாரு. ஞாயித்துக்கெழம வண்டி அனுப்புறேன்னாரு. சரின்னுட்டேன்."

"தம்பிக்கி வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒன் தம்பியும்தான் குடுத்தான், மாசம் ஆயிரத்து ஐநூறு."

ஜோதிமேரி அவன் தட்டை எடுத்தாள். "அந்த ஆளு அதுக்கு மாசம் என்ன செலவழிப்பாராம்?" என்று கேட்டாள்.

"அத நீ ஏன் கேக்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அந்த விடுதிக்கே போனாள். உரிமையாளர் நல்ல மனிதராகத்தான் பேசினார். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள இப்படி ஒரு நாய் இருந்தால் அழகு என்றார்.

"சாப்பாடு?"

"ஓட்டல்ல மிச்சமாகுற பிரியாணி, சால்னா. ராஜா மாதிரி இருக்கும்மா."

"ஊசி?"

"நாய்க்கு என்னம்மா ஊசி, அது கடிச்சாத்தான் நமக்கு ஊசி" என்று சிரித்தார்.

வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நல்ல கனமான சங்கிலி கிடந்தது. "இதுல முன்னாடி என்ன நாய் இருந்துச்சு?"

"லேப்ரடார். போன வருசம் செத்துப்போச்சு."

"எதுனால?"

"எதோ ஒண்ணு. வெயில் தாங்கல போல." இந்தப் பெண் எதற்கு இத்தனை கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் முடிவு செய்துவிட்டாள். அந்த ஆளைத் திட்ட அவளுக்கு வாயில்லை. நாலு நாள் முன்புவரை அவளும் அப்படித்தான் சுழி போட்டு வைத்திருந்தாள். ஆனால் அவள் இப்போது தெரிந்துகொண்டவள். உப்பில்லாத மீன், கோழிக்கழுத்து, அரிசி, முட்டை, தண்ணீர், ஊசி, மாத்திரை, எப்போதாவது வரும் வண்டிக்கென்று மாதாமாதம் ஒதுக்குகிற ஐந்நூறு. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு. கருவாட்டுக் காசில் அறுநூறு, எழுநூறு வரை அவள் போடுவாள். மீதிக்கு வழி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகப் படகுத்துறைக்குப் போனாள். யேசுதாஸ் ஓட்டும் படகின் முதலாளி ராக்கப்பன் கரையேற்றிய படகுக்குப் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். தடைக்காலத்தில்தான் மராமத்து. யேசுதாஸும் மற்ற ஆட்களும் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் பக்கத்துப் படகிலிருந்து பேட்டரியும் வயரும் களவு போயிருந்தன. காவலுக்கு ஆள் போட்டால் மாதம் ஆறாயிரம் கேட்கிறார்கள் என்று, ஆட்களே முறைவைத்துப் படகில் படுத்துக்கிடந்து எல்லாருக்கும் முதுகு வலி.

"அண்ணே, கப்பல இங்கன காவலுக்கு விடவா?"

யேசுதாஸ் சுரண்டுவதை நிறுத்தினான். ராக்கப்பன் சிரித்தார். "நாய்க்குப் பங்கு கேக்க வந்தியாக்கும்?"

அந்தக் கரையில் வரவு பிரிப்பது இப்படி: மீன் விற்ற காசில் முதலில் செலவைக் கழிப்பார்கள், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான். மிஞ்சியதுதான் பங்கு. படகுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. மீன் படாத நாளில் செலவு உண்டு, பங்கு கிடையாது.

"பங்கு வேணாம்ணே. செலவுல போடுங்க."

"செலவுலயா?"

"பங்குல போட்டா, மீனு படாத அன்னைக்கி அது என்னத்தத் திங்கும்? மீனு படலன்னு ஐஸ்காரன் காசு வாங்காமப் போறானா? கடலுக்குப் போற நாளுக்கு முந்நூறு. தடக் காலத்துல ஆள் காவலுக்குக் குடுக்குறதுல பாதி."

"செலவுல கழிச்சா எங்க பங்குலயும்தான கொறையும்?" என்றான் யேசுதாஸ், கையில் சுரண்டியோடு.

"கொறையும். ஆளுக்கு முப்பது, முப்பத்தஞ்சு வரும். அதுக்குப் பதிலா ராவுக்கு வீட்டுல படுங்க."

படகுக்கு அந்தப்புறமிருந்து ஒரு குரல், "யேசு, ஒத்துக்கடா, என் முதுகு போச்சு" என்றது.

ராக்கப்பன் தாடையைச் சொறிந்தார். "அதெல்லாஞ் சரித்தா. ஒன் நாயி கொலைக்குமா? நான் கேட்டதே இல்லயே."

அது குரைத்து ஜோதிமேரியும் கேட்டதில்லை. "கொலைக்கும்" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, பொழுது மசங்கும் நேரத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். கப்பலைப் படகின் நிழலில் வலைக்குவியல் மேல் விட்டார்கள், அது வீட்டு மெத்தை என்றே நினைத்துச் சுருண்டு படுத்தது. ஆட்கள் எல்லாம் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்தார்கள். திருடன் வேஷத்துக்கு யாரும் முன்வராததால், ராக்கப்பனே தலையில் துண்டைப் போர்த்தி, முகத்தை மூடி, கடல் பக்கமாகச் சுற்றிப் பதுங்கி வந்தார். ஜோதிமேரி ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். குரைத்துவிடடா, ஒரே ஒரு தடவை.

கப்பல் குரைக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. ராக்கப்பன் படகின் மேல் கைவைத்தார். அது எழுந்தது. படுத்திருந்தது ஏதோ வலைக்குவியல் என்று பார்த்தால், அந்தக் குவியல் எழுந்துகொண்டே இருந்தது. மெதுவாக நடந்து போய், எல்லாரிடமும் செய்வது போல, ராக்கப்பனின் இடுப்பில் தன் பாரம் முழுவதையும் அன்பாகச் சாய்த்தது.

"யாத்தே!" என்ற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. அடுத்து 'தொபீர்'. முதலாளி இடுப்பளவுத் தண்ணீரில் துண்டில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கப்பல் கரையில் நின்று, இந்த மனிதர் ஏன் இந்த நேரத்தில் குளிக்கிறார் என்பது போலப் பார்த்தது.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் யேசுதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்து அந்த வருடம் யாரும் பார்க்கவில்லை.

"கொலைக்கலயேத்தா" என்றார் ராக்கப்பன் தண்ணீரிலிருந்து.

"கொலச்சிருந்தா ஓடித் தப்பிச்சிருப்பீங்கண்ணே."

"செலவுல எழுதிக்க" என்றார் அவர், காதிலிருந்து தண்ணீரைத் தட்டிவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை விடுதி வண்டி வந்தது. யேசுதாஸே வாசலுக்குப் போய், "நாய் வேலைக்குச் சேந்துருச்சுங்க" என்று சொல்லி அனுப்பினான்.

தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போய்வந்த அன்று, கரையில் ராக்கப்பன் உரக்கக் கணக்குச் சொன்னார்: டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, சாமான் இவ்வளவு, கப்பல் முந்நூறு. யாரும் சிரிக்கவில்லை. பழக்கமான ஒன்றைக் கேட்பது போல அடுத்ததற்குக் காது கொடுத்தார்கள். யேசுதாஸ் மட்டும் வீட்டில் அவ்வப்போது, "என் பங்குல என் மச்சினன் நாயி சாப்புடுது" என்று முனகுவான். முனகிக்கொண்டே, கடலிலிருந்து கொண்டுவரும் பையில் அதற்கென்று நாலு காரலைத் தனியாக, உப்புப் படாமல் எடுத்து வைப்பான்.

ஜோதிமேரியிடம் ஆட்கள் இப்போது கேட்க வருகிறார்கள். பெரிய ஜாதி நாய் வாங்கலாமா, எவ்வளவு ஆகும் என்று. அவள் வேண்டாம் என்று யாரிடமும் சொல்வதில்லை. "மொதல்ல ஒங்க வீட்டுல எது சும்மா கெடைக்குதுன்னு சொல்லு" என்பாள். "சும்மா கெடைக்கிறத எழுதாத. அது நிக்கிற அன்னைக்கி என்ன செய்வேன்னு எழுது." அதைக் கேட்டுப் பாதிப்பேர் நாட்டு நாயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கிளாட்சன் போனதிலிருந்து மாதா திருவிழாக் கொடி இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அவள் கொல்லையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க, ராக்காவல் முடிந்து வந்த கப்பல் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க, அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. கையில் உப்பு. ஜாஸ்லின் வந்து போனை அமுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, கிளாட்சன் பேசுறேன். சொகமா இருக்கேன், இப்ப வேற படகு, சம்பளம் ஒழுங்கா வருது. பணம் அனுப்பாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசன்னுதான் இத்தன நாளாப் பேசல. இங்க ஒரு வீட்டுல நம்ம கப்பல மாதிரியே ஒண்ணு நிக்கி, அதுக்கு மாசம் என்ன செலவுன்னு வேலக்காரன் சொன்னான், எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. நான் சொன்ன ஆயிரத்து ஐநூறுல ஒண்ணும் நடந்திருக்காது. அதனால நீ என்ன செஞ்சிருந்தாலும் நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்க்கா. கப்பல் இருக்குதுன்னா ஒரு போட்டோ போடு. இல்லன்னா ஒண்ணும் போடாத, நான் புரிஞ்சிக்கிறேன்."